சளி டப்பா

நடுவட்டத்தில் ஏறிய மப்ளர்காரரிடம் பக்கத்து சீட்டுக்காரர், "ஊட்டிக்குங்களா?" என்றுதான் கேட்டார்.

"ஆமாங்க. சம்சாரத்த அடக்கம் பண்ணியாச்சு. அவ சளி அங்க இன்னும் வளந்துக்கிட்டு இருந்திருக்குது."

பின் சீட்டிலிருந்த நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது திரும்பவில்லை.

"என்னங்க சொல்றீங்க?"

"தேயிலைக்காட்டுல வழுக்கி இடுப்பு ஒடஞ்சுதுன்னுதான் ஊட்டி ஆஸ்பத்திரியில சேத்தோம். படுத்த எடத்துல நெஞ்சுல சளி கட்டிருச்சு. ஆஸ்பத்திரியிலயே இருக்கிற கிருமியாம். எந்த மருந்துக்குக் கேக்கும்னு வளத்துப் பாக்கணும், சளி துப்பிக் குடுங்கன்னு ஒரு டப்பா குடுத்தாங்க."

"அவங்க துப்பிக் குடுத்தாங்களா?"

"கொழுந்து எடுத்த கை இல்லீங்களா. எடை கொறஞ்சா மேஸ்திரி திட்டுவாருன்னு பழகினவ. கொஞ்சமா இருந்தா வாங்க மாட்டாங்கன்னு, மூச்சு வாங்க வாங்க எச்சியத் துப்பி டப்பாவ ரொப்பிட்டா. நானும் பக்கத்துல நின்னு 'இன்னுங் கொஞ்சம்'னு சொன்னேன்."

"அப்புறம்?"

"இது வெறும் எச்சி, மறுபடி குடுங்கன்னுட்டாங்க. மறுநா இருமவே தெம்பில்ல. தொண்டையில கொழாய் விட்டு எடுத்தாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் ஏதோ ஒரு மருந்த ஏத்திப் பாத்தாங்க. கேக்கல."

பஸ் பைக்காராவைத் தாண்டியது.

"நேத்து போன் பண்ணி, ரிப்போர்ட் வந்திருச்சு, வந்து வாங்கிக்குங்கன்னாங்க."

"இனி அத வாங்கி என்னங்க பண்றது?"

"ஒண்ணும் இல்லீங்க. அவள அந்தப் பாடு படுத்தி எடுத்தது. கேக்க ஆளில்லாம அங்கயே கெடக்க வேண்டாமுன்னுதான் போறேன்."