மூன்றாவது சிலிண்டர்

"அந்த மூண்டாவது சிலிண்டர் கதையை மட்டும் கார் வாங்குற சேரிட்ட எடுக்காதீங்க காக்கா."

திருகோணமலையிலிருந்து மூதூர் போகும் பஸ் இன்னும் புறப்படவில்லை. என் முன் சீட்டில் ஓர் இளைஞன் பக்கத்திலிருந்த அண்ணன் வயது மெக்கானிக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அதுல அமுக்கம் பார்க்கிற மீற்றர் பாதிக்கும் ஏறல்ல. எண்ணெய் விட்டுப் பார்த்தும் அப்படித்தான். வால்வு போயிட்டு தம்பி."

"கார் ஓடுதுதானே?"

"ஓடும். ஈச்சிலம்பற்று ரோட்டுல நிண்டிட்டா? சேர்ர பொஞ்சாதிக்கு இது ஏழாம் மாசம். ஆஸ்பத்திரிக்குப் போகத்தானே வாங்குறார்."

இளைஞன் ஜன்னலைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"திங்கள் நான் வேலைக்குக் கட்டாருக்குப் போறன் காக்கா. அதுக்குள்ள விக்கோணும்."

மெக்கானிக் போனை எடுத்து சேரின் நம்பரை அழுத்தினார். இளைஞன் அதைப் பறித்தான். அழைப்பைத் துண்டிக்கப்போகிறான் என்று நினைத்தேன்.

"சேர், நான்தான் கார்க்காரன். எஞ்சின்ல பிழை இருக்கு. இப்படியே வாங்காதீங்க."

வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"என்னவாம்?"

"திருத்தித் தந்தா எடுக்கிறாராம். திங்களுக்கு முதல் ஏலுமா காக்கா?"

பஸ் உறுமிப் புறப்பட்டது. மெக்கானிக் எழுந்து மணியை அடித்தார்.

"இறங்கு. கராஜுக்குப் போய் இப்பவே எஞ்சின் ஹெட்டைக் கழட்டுவம்."