கேட்டால்தான் தீட்டு

ஸ்டேஷன் காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மேடம். ஆனாலும் இன்னொருவர் போட்டுக் கொடுத்து நாம் உட்கார்ந்து குடிப்பது எதுவானாலும் ருசிதான். அதை நான் அந்தத் தீவில் தெரிந்துகொண்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். பெயர் நீரஜா, வயது ஐம்பத்தொன்பது. கணவர் ஸ்ரீனிவாசராகவன். மயிலாப்பூரில் மாமனார் வீட்டை இடித்துக் கட்டிய ஃப்ளாட்டில் முதல் மாடி. அந்த மாடியில் இரண்டே வீடு. ஒன்றில் நாங்கள். ஒட்டினாற்போல் அவருடைய அண்ணா ஸ்ரீவத்சன், எழுபத்தாறு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் குளியலறைக்கும் என் சமையலறைக்கும் ஒரே சுவர். தினம் காலை ஆறு மணிக்குப் பித்தளைச் சொம்பால் அந்தச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். நான் என்னிடமிருக்கும் சாவியால் அவர் கதவைத் திறந்து காபியை வைத்துவிட்டு வருவேன். இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. வீடு இடிபடுவதற்கு முன்பும் ஒரு சுவர் இருந்தது, அதிலும் தட்டினார். மொத்தம் முப்பத்து நாலு வருஷம்.

அவர் குளியலறையில் விழுந்து இறந்ததற்கு நான் என்ன செய்வேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய் இல்லை. சுருக்கம்.

என் கணவரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மாட வீதிகளில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அடுத்த போன் அவருக்குத்தான் வரும். "மாமா, மாதுங்கால பெரியப்பா பிள்ளை போயிட்டான், எங்களுக்கு எத்தனை நாள்?" பங்காளிக்குப் பத்து நாள் தீட்டு. பத்து நாளைக்குள் செய்தி காதில் விழுந்தால் மிச்ச நாள் மட்டும். பத்து தாண்டிக் கேட்டால் மூன்று நாள். வருஷம் தாண்டிக் கேட்டால் ஒரு முழுக்கு. ஹைகோர்ட்டில் தீர்ப்புப் படிக்கிற தோரணையில் சொல்லிவிட்டு, கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். "கேட்டாத்தான் தீட்டு. கேக்காத வரைக்கும் ஒண்ணுமில்லை."

எங்களுக்குப் பங்காளிகள் முப்பத்திரண்டு பேர். நான் பெட்டி கட்டினால் அவர்களில் ஒருவர் கிளம்பிவிடுவார். கொடைக்கானல் அப்படிப் போயிற்று. சிங்கப்பூர் ஏர்போர்ட் வாசல் வரைக்கும் வந்து திரும்பியது. பிறப்புக்கும் தீட்டு உண்டு, தெரியுமோ? நியூ ஜெர்சியில் யாருக்கோ குழந்தை பிறந்ததற்காக நான் குற்றாலம் போகவில்லை. "தீட்டோட உல்லாசப் பயணமா?" என்பார். நான் பெட்டியைப் பிரித்துப் புடவைகளை அடுக்குவேன். சுவரில் இரண்டு தட்டுக் கேட்கும்.

மேல் வீட்டு மதுவந்தி சுவிட்சர்லாந்து போய்வந்து, அசோசியேஷன் கூட்டத்தில் டி.வி.யை வைத்து இரண்டு மணி நேரம் படம் காட்டினாள். ஒவ்வொரு மலைக்கும் ஒரு தடவை என் பக்கம் திரும்பி, "நீங்க எங்கயுமே போறதில்லையா மாமி?" என்றாள். நிறைய மலை இருக்கிற ஊர் அது.

இந்தத் தடவை என் பிள்ளை அனிருத் டிக்கெட்டே எடுத்து அனுப்பிவிட்டான். தீவு, எட்டு ராத்திரி, மெரினா ரிசார்ட். "நடந்து போற தூரத்துல மெரினா இருக்கே, இதுக்கு எதுக்கு ஃப்ளைட்டு?" என்றார் இவர். அங்கே மெரினா என்றால் படகு நிறுத்துகிற இடம். வெள்ளை வெளேரென்று அறுபது படகு, கொலுப் பொம்மை மாதிரி வரிசையாக. எட்டு நாளில் ஒன்றுகூட அசையவில்லை. பெரிய மனிதர்கள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, அசையாத படகுகளை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். யார் தொட்ட துண்டோ என்று இவர் அதைக் குச்சியால் தள்ளினார். சாயங்காலம் படகுகளுக்கு எதிரே பஞ்சகச்சத்தோடு நின்று சந்தியாவந்தனம் பண்ணினார். நாலு பேர் போட்டோ எடுத்தார்கள். அதில் அவருக்குப் பெருமைதான்.

தினம் காலை ஆறு மணிக்கு யாரோ கதவில் இரண்டு தட்டுத் தட்டி, காபியை வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு, மேடம். முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுந்து ஓடப் பார்த்தேன். இரண்டாம் நாள் ஓடவில்லை.

இவர் போனுக்கு ரோமிங் போட மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தேன். வைஃபை பாஸ்வேர்டையும் நான் வாங்கிக்கொள்ளவில்லை. என் போனை அணைத்து வைத்துவிட்டேன். முப்பத்திரண்டு பேரில் எவனும் எங்களை எட்ட முடியாது. இதில் என்ன குற்றம்? அவர் சொன்ன சாஸ்திரம்தான்.

சரி, கிளம்பின திங்கட்கிழமைக்கு வருகிறேன். ராயப்பேட்டை மெஹபூப் அலி பாய் இருபது வருஷமாக எங்களுக்கு டாக்ஸி ஓட்டுகிறவர். பெட்டி எடுக்க மேலே வந்தவர், அண்ணா வீட்டு வாசலில் நின்றுவிட்டார்.

"இன்னா மாமி, உள்ள டொக்கு டொக்குனு தட்ற சத்தம் கேக்குது? பெரியவர் இல்லியா?"

"கோவிலுக்குப் போயிருக்கார். பைப்புல காத்து அடைச்சிண்டிருக்கு, பாய்."

"காத்து இப்டியா தட்டும்? கணக்கா ரெண்டு ரெண்டா தட்டுது. நம்ம மச்சான் ரெஹான் பிளம்பர்தான், இட்டாரட்டா?"

"வந்து பாத்துக்கலாம். ஃப்ளைட்டுக்கு நாழியாறது."

என் கணவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இரண்டு காதும் மந்தம். மெஷின் வைத்தால்தான் கேட்கும். காலையில் நான்தான் மாட்டிவிடுவேன். அன்றைக்கு ஏர்போர்ட்டில் மாட்டினேன். "இன்னிக்கு என்னமோ லோகமே நிசப்தமா இருந்துது, நீரஜா," என்றார். நல்ல மனுஷர். அவரை விட்டுவிடுங்கள்.

இந்த மெஹபூப் பாய் இருக்கிறாரே, யாரும் கேட்காமலே சனிக்கிழமை ரெஹானைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். தட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது, நாற்றம் இருந்தது. அப்புறம்தான் நீங்கள் கதவை உடைத்தீர்கள். செவ்வாய்க்கிழமை நாங்கள் வந்து இறங்கியதும் இவர் உங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கிழமை போனார்?" புதன் விடியற்காலையாக இருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். பெட்டி மேலேயே உட்கார்ந்து விரலை மடக்கினார். "இன்னியோட சேத்து நாலு நாள்." அதற்கப்புறம்தான் அழுதார்.

விழுந்ததிலிருந்து இரண்டு நாள் உயிர் இருந்திருக்கிறதே என்று நீங்கள் மேஜையைத் தட்டினீர்கள். இருக்கலாம். கதவைத் திறந்திருந்தால் ஆஸ்பத்திரி. அங்கே போய் இறந்தால் தீட்டு. பிழைத்திருந்தால் இன்னும் பத்து வருஷம் காபி. எந்தக் கணக்குப் போட்டாலும் அந்தப் பெட்டியை நான்தான் பிரிக்க வேண்டும்.

அண்ணா கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தீபாவளிக்குத் தவறாமல் புடவை வாங்கித் தருவார். அவருக்குப் பிடித்த கலரில்.

சாவி எங்கே இருந்தது என்று கேட்டீர்கள். என் கைப்பையில். தீவுக்கும் வந்தது, நீச்சல்குளத்துக்கும் வந்தது. மெஸ் கேரியரைப் பற்றியும் நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். எட்டு நாளைக்கு அவருக்குச் சாப்பாடு சொல்லியிருந்தேன். கிண்டி தாண்டும்போது மெஸ்ஸுக்குப் போன் செய்து, பெரியவரும் எங்களோடு வருகிறார், கேரியர் வேண்டாம் என்றேன். வாசலில் கேரியர் சேர்ந்தால் யாராவது கதவைத் தட்டுவார்கள். போகிற இடத்தில் நிம்மதியாக இருக்க வேண்டாமா?

வருத்தமா என்று கேட்கிறீர்கள். இல்லை. திரும்பவும் டிக்கெட் வந்தால் போவேன்.

ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். 'சத்தம் கேட்டும் போகவில்லை' என்று. அதை அடித்துவிடுங்கள். நான் கேட்கவில்லை. ஆறு மணிக்கு ஏதோ விழுந்தது. அப்புறம் இரண்டு தட்டு, இன்னும் இரண்டு. நாற்பத்தாறு வரைக்கும் எண்ணினேன். நடுவில் 'நீரஜா' என்று கூப்பிட்டது மாதிரி இருந்தது. முப்பத்து நாலு வருஷத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ஆகவே அது என்னை இல்லை. அதற்கப்புறம் மிக்ஸியைப் போட்டேன். வண்டி வருகிற வரைக்கும், சூடேறினால் நிறுத்தி, ஆறினதும் மறுபடி போட்டு ஓட்டிக்கொண்டே இருந்தேன். மிக்ஸி ஓடும்போது யாருக்கு மேடம் எது காதில் விழும்? கேட்கவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

என்ன அரைத்தேனா? ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு யார் அரைப்பார்கள், மேடம். ஜாரில் ஒன்றுமில்லை.