கொள்ளு காயப்போட்ட கிழமை

கொள்ளு ரசம் வைப்பதில் என் அம்மா கெங்கம்மாளை அடித்துக்கொள்ள செம்பரம்பாக்கத்தில் ஆள் கிடையாது. சளி பிடித்துப் படுத்தவன் ஒரு டம்ளர் குடித்தால் சாயங்காலமே எழுந்து ஏரிக்கரையில் நடப்பான். ஆனால் கடைசி ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டுக்குள் கொள்ளு வரவில்லை. கடையில் யாராவது அந்தப் பேரைச் சொன்னால்கூட அம்மா எழுந்து போய்விடுவாள். நீங்கள் கேட்க வந்த கதையும் இதுவும் ஒன்றுதான், சார்.

விபத்தில் இடுப்புக்குக் கீழே விழுந்துபோன குணசேகரனும், அவனோடு சைக்கிள் ஓட்டிய இந்தத் துலுக்கானமும் இன்னும் எப்படி ஒட்டிக்கொண்டு இருக்கிறார்கள் என்று பத்திரிகையில் எழுதப்போகிறீர்கள். தாராளமாக எழுதுங்கள். அம்மா போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி நான் எதைச் சொன்னாலும் மனசு நோக குணசேகரன் ஒருவன்தான் பாக்கி. அவனுக்கு நோகட்டும், பரவாயில்லை.

எண்பத்தேழிலும் எண்பத்தெட்டிலும் ஒரு சைக்கிள் கம்பெனி தென்மாநிலச் சுற்று என்று ஒரு பந்தயம் நடத்தியது. மூன்று வாரம் ஓட்டம். மெட்ராஸில் கிளம்பி, கன்னியாகுமரி தொட்டு, நீலகிரி ஏறி இறங்கி, பெங்களூர், வேலூர், காஞ்சிபுரம் வழியாகப் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் முடியும். தினமும் ஒரு ஊரில் ஒருவன் ஜெயிப்பான். மொத்த நேரத்தில் முந்தியவனுக்குப் பெரிய கோப்பை. எங்களுக்கெல்லாம் மாதச் சம்பளம். எங்கள் அணிக்கு குணசேகரன் கேப்டன். ஆவடி குவார்ட்டர்ஸ்காரன், படித்தவன், நன்றாகச் சிரிப்பான். அவன் ஜெயிக்க வேண்டும், மற்றவர்கள் அதற்காகச் சாக வேண்டும். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது, எல்லா அணியிலும் இதுதான் வழக்கம்.

என் வேலை அவனுக்கு முன்னால் போய் எதிர்காற்றை நெஞ்சில் தாங்குவது. அவன் என் பின்சக்கரத்தை ஒட்டி, தலையைக் குனிந்தபடி, காற்றுப் படாமல் வருவான். அப்படி வருகிறவனுக்கு ரோடு தெரியாது. பள்ளமோ கல்லோ வந்தால் முன்னால் போகிறவன் கையைக் கீழே நீட்டிக் காட்ட வேண்டும். பின்னால் வருகிறவன் அந்தக் கையை நம்பித்தான் உயிரோடு இருக்கிறான்.

முதல் வருஷம் கடைசி நாள். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பியதும் நான் தனியாக முன்னேறிவிட்டேன். மொத்த நேரத்தில் குணசேகரனுக்கு ஆபத்தில்லை என்பதால், உன் ஊர்தானே, இன்றைக்கு நீயே ஜெயித்துக்கொள் என்று மேனேஜரும் விட்டுவிட்டார். செம்பரம்பாக்கமே ரோட்டில் நின்றது. மேளம்கூட வைத்திருந்தார்கள். அப்பா வேம்புலி, ஒரு சாமந்தி மாலையை வாழையிலையில் சுற்றிக்கொண்டு காலையிலேயே பூந்தமல்லிக்குப் போய்விட்டார். செங்கல் சூளையில் மண் மிதித்த மனுஷன். என்னைப் பார்க்க வெள்ளைச் சட்டை வாங்கியிருந்தார்.

ஏரி தாண்டும்போது ஜீப் பக்கத்தில் வந்தது. கூட்டத்தை விட்டு எனக்குப் பின்னாலேயே வந்த குணசேகரனுக்குப் பஞ்சர், மாற்றுச் சக்கரம் தீர்ந்துவிட்டது, உன் சக்கரத்தைக் கழற்றிக் கொடு என்றார்கள். கொடுத்தேன். என் ஊர்க்காரர்கள் பார்க்க, சக்கரமில்லாத சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். மேளம் தானாக அடங்கிவிட்டது. குணசேகரன் என் சக்கரத்தில் என்னைக் கடந்து போனான்.

அதுகூடத் தொழில் என்று விட்டுவிடுவேன். பூந்தமல்லியில் நடந்ததுதான் விட முடியாதது. முதலாவதாக வந்து இறங்கியவனிடம் அப்பா ஓடிப்போய், "எம் புள்ள துலுக்கானம் எங்க சார்?" என்று கேட்டிருக்கிறார். குணசேகரன் சிரித்துக்கொண்டே, "பின்னாடி வர்றான் பெரியவரே. ரோட்டப் பாத்து ஓட்டத் தெரியல அவனுக்கு" என்றானாம். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்திருக்கிறார்கள். அப்பா கையிலிருந்த மாலையை அவன் கழுத்தில் போட்டுவிட்டு, பஸ் ஏறி வந்துவிட்டார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். நம்பவில்லை. "அவுரு கேப்டன்டா. அவுரு இன்னாத்துக்கு பொய் சொல்லப் போறாரு? உன்னால முடியலன்னு சொல்லு, போவுது. சும்மா அடுத்தவன் மேல பழி போடாத" என்றார். அதற்கப்புறம் என் சைக்கிளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஐப்பசி மழையில் அவருக்கு மஞ்சள்காமாலை வந்தது. கண்ணை மூடும்வரை என்னைக் கையாலாகாதவன் என்றுதான் நினைத்திருந்தார். எனக்கு வயிறு எரிந்தது, சார். இன்றைக்கும் எரிகிறது.

அடுத்த தை மாதம், பந்தயத்துக்குக் கிளம்பும் நாள். எங்கள் குத்தகைக் கழனி ஊரை விட்டுத் தள்ளி, ஹைரோடு வளைகிற இடத்தில், ஒரு சின்னப் பாலத்தை ஒட்டி இருந்தது. கொள்ளு போட்டிருந்தோம். அறுத்த செடியை ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற லாரி ஏறி மணி உதிரும். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிறதுதான். லாரிக்கு ஒன்றும் ஆகாது. மெல்லிய டயர் போட்ட பந்தய சைக்கிள் அதில் ஏறினால் கோலிக்குண்டு மேல் கால் வைத்த மாதிரி.

அம்மாவுக்கு அது தெரியும். சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "நைனா, திரும்பி இந்தப் பக்கம் எந்தக் கெழம வர்றீங்கோ? அன்னிக்கி மட்டும் நான் ரோட்ல கொள்ளு போட மாட்டேன். பாவம், பசங்க வழுக்கி வுழுந்துடுவானுங்கோ."

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. திங்கட்கிழமை என்று சொன்னேன். இன்னொரு கரண்டி மோர் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அந்த மூன்று வாரமும் என்னை மாதிரி ஒரு ஆளை அவன் பார்த்திருக்க மாட்டான். சின்னக் குழியைக்கூட விடாமல் காட்டினேன். வேலூரில் பத்திரிகைக்காரர்களிடம், "துலுக்கானம் முதுகுதான் சார் எனக்கு ரோடு" என்று சொன்னான். நீங்களே அதைப் பழைய பேப்பரில் படித்திருப்பீர்கள்.

நான் அநியாயக்காரன் இல்லை. அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். காஞ்சிபுரத்துச் சத்திரத்தில் சாப்பிடும்போது கேட்டேன். "போன வருசம் பூந்தமல்லில எங்கப்பா கையில இன்னா சொன்ன, ஞாபகம் கீதா?"

அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே யோசித்தான். "உங்கப்பாவா? மாலை போட்டவங்க நூறு பேரு மாப்ள, யாருன்னு ஞாபகம் வச்சிக்கிறது?" அப்புறம் என் தோளைத் தட்டினான். "நாளைக்கு உன் ஊரு. ஏரி தாண்டினதும் நீ போய்க்கோ. நான் முடிவுக் கோட்டுக்கு நிதானமா வர்றேன். உன் ஜனம் உன்னைப் பாக்கட்டும்."

ஞாபகம் இருக்கிறது, தப்புதான் என்று சொல்லியிருந்தால் மறுநாள் கையைக் காட்டியிருப்பேன். சத்தியமாகக் காட்டியிருப்பேன். அவன் எனக்குப் பிச்சை போட்டான். வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை நாங்கள் இரண்டு பேர் மட்டும் கூட்டத்தை விட்டு முன்னால் வந்துவிட்டோம். வேகத்தை நான்தான் வைத்தேன். மற்ற பையன்கள் மாட்டக்கூடாது என்று நினைத்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வளைவில் முன்னால் போன ஜீப் கொள்ளின்மேல் ஏறிப் போனது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. வலது ஓரத்தில் ஒரு முழம் அகலத்துக்கு வெறும் தார் இருந்தது. கடைசி நொடியில் அதற்குள் ஒடித்து நுழைந்தேன். என் இரண்டு கையும் ஹாண்டில்பாரில்தான் இருந்தன.

அம்மா ரோட்டோரத்தில் துடைப்பத்தோடு நின்றாள். என்னைப் பார்த்ததும், "இன்னிக்காடா? ஐயோ நைனா, இன்னிக்கா?" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அதற்குள் பின்னால் சத்தம் கேட்டது. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் அவன் முதுகு மோதியதாக அப்புறம் சொன்னார்கள். நான் திரும்பவில்லை. பந்தயத்தில் திரும்பிப் பார்த்தால் நேரம் போகும்.

பூந்தமல்லியில் முதலாவதாக இறங்கினேன். யாரோ ஒரு பிரமுகர் ரோஜா மாலை போட்டார். குணசேகரன் எங்கே என்று கேட்டார்கள். "பின்னாடி வர்றான். ரோட்டப் பாத்து ஓட்டத் தெரியல அவனுக்கு" என்றேன். அப்பாவும் அங்கே நின்று கேட்டிருக்கலாம் என்று இருந்தது.

போலீஸ் விசாரணைக்கு வந்தது. "எம் புள்ள திங்கக்கெழமன்னுதான் சொன்னான் சார்" என்று அம்மா அடித்துச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். அம்மாவுக்கு நாள் கிழமை சரியாக நிற்காது என்றேன். படிக்காத பொம்பளை, வழக்கம்போல் காயப்போட்டிருக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

விட்டது போலீஸ்தான். அம்மா தன்னையே விடவில்லை. குணசேகரன் அவளைத் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "உங்க மேல தப்பில்லம்மா, என் நேரம்" என்றான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறிக்குழம்பு வைத்துத் தூக்கில் எடுத்துக்கொண்டு, பூந்தமல்லியில் பஸ் மாறி ஆவடிக்குப் போவாள். துணைக்கு நானும் போவேன். அவனை நாற்காலியில் தூக்கி உட்கார வைப்பேன், வெளியே தள்ளிக்கொண்டு போவேன். குவார்ட்டர்ஸே என்னைக் கையெடுத்துக் கும்பிடும். நீங்கள் நட்பு என்று கேள்விப்பட்டது அதைத்தான். அவன் கால் மெலிவதை வாராவாரம் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டுமே, அதற்காகப் போனேன்.

போன மாதம் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. என்னைக் கிட்டத்தில் கூப்பிட்டாள். "நைனா, நீ அன்னிக்கி இன்னா கெழமன்னு சொன்ன? நெசத்த சொல்லு. நான் கோச்சுக்க மாட்டேன்."

அவளுக்குள் ஏதோ ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது, பாருங்கள். ஒன்பது வருஷம் அதை வைத்துக்கொண்டுதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

"ஞாயித்துக்கெழமன்னுதாம்மா சொன்னேன்" என்றேன்.

"அப்போ நான்தான் பாவி" என்றாள். பொழுது விடிவதற்குள் போய்விட்டாள்.

இவ்வளவுதான் சார். வருத்தமா என்று கேட்கிறீர்கள். எனக்கு யார்மேலும் இப்போது பெரிய கோபம் இல்லை. சக்கரத்தை எடுத்துக்கொண்டானா, போகட்டும். மாலையை வாங்கிக்கொண்டானா, அதுவும் போகட்டும். ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. என்னைப் பெற்ற ஒரு ஜீவன் பொய்யை நம்பிக்கொண்டே கண்ணை மூடும்படி செய்துவிட்டானே, மனுஷனாகப் பிறந்தவன் செய்கிற காரியமா அது, நீங்களே சொல்லுங்கள்.