மெஷினோட பச்சைப் பொட்டலம்

சாயங்காலம் ஏழு மணி. ஹுவாலியன் மலைப்பாதை. ஆள் நடமாட்டமே கிடையாது... மழை வேற. பாதை முடியற இடத்துல ஒரு ஆஸ்பத்திரி. என் சிநேகிதி பெய்ரூவோட அக்கா யாச்சென் அங்க ஸ்கேன் எடுக்கறவ. ஏய், அந்த சிப்ஸை இப்பத் தொடாதே. கதை முடியட்டும்.

அன்னிக்குக் கடைசி ஆள் சியாவ். படகுக்காரர். கை கால் நரம்பெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டு வர்ற வியாதி. விரலை மடக்கக்கூட முடியாது. கழுத்துத் தண்டுவடம் எவ்வளவு மெலிஞ்சிருக்குன்னு படத்துல அளப்பாங்க. ரொம்ப மெலிஞ்சிருந்தா புது மருந்து கிடையாது... வீட்டுக்குப் போய்ச் சாக வேண்டியதுதான்.

அவர் பெண்டாட்டிதான் சக்கர நாற்காலியை உள்ள தள்ளிட்டு வந்தா. யாச்சென் அவரைப் படுக்க வெச்சு, பயந்தா அமுக்கினா மணி அடிக்கற ரப்பர் பந்தை வழக்கத்துக்குக் கையில திணிச்சுட்டு வெளிய வந்தா. அந்தப் பொம்பளை சிரிச்சுக்கிட்டே நின்னா. எனக்கு அந்தச் சிரிப்பு மேலதான் சந்தேகம்.

"பாவம், சாப்பிட்டிருக்கவே மாட்டே தங்கச்சி. இந்தா, ரெண்டு வாயில போடு."

பிரிச்ச சிப்ஸ் பொட்டலம். தேங்காய் வாசனை... நல்ல பசி. அள்ளிப் போட்டுக்கிட்டா.

தன் சீட்டுக்கு வந்து பாத்தா... கம்ப்யூட்டர் மேல இருந்த பச்சை சிப்ஸ் பொட்டலத்தைக் காணோம். மெஷின் மக்கர் பண்ணக் கூடாதுன்னு நாம எல்லாரும் வெப்போமே, அதேதான். அதைப் பிரிக்கவே கூடாது, தின்னவங்ககிட்ட மெஷின் பதிலுக்கு எதையாவது எடுத்துக்கும்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"அடிப்பாவி! மெஷினோடதையா எனக்குக் குடுத்தே?"

அந்தப் பொம்பளை முகத்துல அதே சிரிப்பு.

உள்ள... டக். டக். டக். இவ பட்டனைத் தொடவே இல்ல. தானா ஓடுது! அப்புறம் மணி அடிச்சுது... அந்த ரப்பர் பந்து மணி. விரலே மடங்காத மனுஷன் எப்படி அமுக்குவான்?

படம் வந்துச்சு. தண்டுவடம் நல்லா பருமனா, ஒரு குறையும் இல்லாம. பேர் மாறிப்போச்சோன்னு பாத்தா. மாறல. ஆனா கழுத்தெலும்புல ஒரு பழைய விரிசல்... அது யாச்செனுக்கு ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்தப்ப வந்தது. மெஷினைச் சோதிக்க அவளையே படுக்க வெச்சு எடுத்த படத்துல எத்தனையோ தடவை பாத்திருக்கா.

சியாவுக்கு மருந்து கிடைச்சுது. இப்ப படகுல போறாராம். பெண்டாட்டி ஒரு புதுப் பொட்டலம் கொண்டாந்து மெஷினுக்கு வெச்சுட்டுப் போனாளாம்.

போன வாரம் யாச்செனை அதே மேசையில படுக்க வெச்சாங்க. கையில ரப்பர் பந்தைக் குடுத்தாங்க...

உருண்டு கீழ விழுந்துடுச்சு.