மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள்

— பந்து எறிய காளிராஜ மறுபடி இறக்கலாம்னு பாக்குறேன், போன்ல இந்தப் பட்டன் அமுங்க மாட்டேங்குதே பெல்சி?

— அமுங்காது அண்ணே. ஏழாவது இன்னிங்ஸ்ல நீதானே அவன வெளிய எடுத்த? வெளிய போனவன் வெளியதான்.

— ரெஸ்ட்டுக்குத்தேன் எடுத்தேன்! நாலு ஓவர் ஓய்வு குடுத்துட்டுக் கடைசில கொண்டாந்தா வேகமா எறிவான்ல?

— இது பேஸ்பால். இதுல ஓவரும் கெடையாது, மாத்துன ஆளு திரும்ப வர்றதும் கெடையாது. கானாடுகாத்தான் ஓட்டல்ல வேல பாக்குறது நீ. அங்க தங்குன அமெரிக்காக்காரர்ட்ட இந்த கேமக் கத்துக்கிட்டு வந்ததும் நீ. ரூலு மட்டும் நான் சொல்லணும்.

— அவரு இட்லி தின்னுக்கிட்டே சொன்னாரு. பாதி எனக்குக் கேட்டுச்சு, பாதி சாம்பாருல போச்சு. அது கெடக்கட்டும், இப்ப என்ன நெலவரம்?

— கணக்குப் பாரு. கடைசி இன்னிங்ஸ். உன் செக்காலை டீம் ஒரு ரன் முன்னால இருக்கு. என் ஆளுக ரெண்டு பேரு அவுட்டு. இன்னும் ஒருத்தன் அவுட்டானா நீ ஜெயிச்ச. ஆனா ரெண்டாவது பேஸ்ல என் இராமு நிக்கிறான், எப்படா சுத்தி ஓடியாந்து ரன் எடுக்கலாம்னு.

— நான் ஜெயிச்சா அப்பாட்ட நீதேன் போய்ச் சொல்லணும். பேச்சு மாறக் கூடாது.

— மாற மாட்டேன். தோத்தவங்க போயி, ‘பெல்சிக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா’ன்னு சொல்லணும். இன்னைக்கே. நாளைக்குப் பூசையில மூணாவது கல்யாண ஓலையும் வாசிச்சுட்டா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

— ரெண்டு ஞாயித்துக்கெழமையும் சாமியார் ஊரறிய உன் பேரையும் ஜோசப் ராஜ் பேரையும் சேத்து வாசிச்சாரு. நீயும் பல்லக் காட்டிக்கிட்டுத்தேன உக்காந்திருந்த?

— மொத ஓலைக்குச் சிரிச்சேன். ரெண்டாவதுக்குச் சிரிக்கல. நீ தூங்கிக்கிட்டிருந்த.

— பிரசங்கம் நீளம். சரி, அந்தப் பையன் உன்னைய என்னதேன் பண்ணுனான்? திருப்பத்தூர்ல சொந்தக் கட, ஒரு கெட்ட பழக்கம் கெடையாது.

— ஒண்ணுமே பண்ணல, அதான் பிரச்சன. சேல என்ன கலர் எடுக்கலாம்னு கேட்டா, ‘அம்மாட்ட கேட்டுச் சொல்றேன்’. நான் வேலைக்குப் போகலாமான்னா, ‘அம்மாட்ட கேட்டுச் சொல்றேன்’. சாப்பிட்டீங்களான்னு கேட்டேன் அண்ணே. அதுக்கும் ‘அம்மா’ன்னு உள்ள பாத்துக் குரல் குடுக்குறாரு.

— இதுல ‘ஆட்டோ’ன்னு ஒண்ணு இருக்குல்ல, அதத் தட்டிவிட்டா டீமு பாட்டுக்குத் தானா ஆடிக்கிட்டு கெடக்கும், நம்ம டீ குடிக்கப் போயிரலாம்...

— அதேதான். அவரு பொறந்ததுலேர்ந்து ஆட்டோல ஓடுறாரு. சரி, பந்தப் போடு. அடிக்க வர்றது உடையப்பன்.

— ஆத்தாடி, இவன் பேருகிட்ட நெருப்புப் படமுல்ல எரியுது, வெளுத்துக் கட்டுற ஆளு போல! ‘இன்டென்ஷனல் வாக்’னு கெடக்கே, இது என்ன பட்டன்?

— அடிக்கவே விடாம அவன மொத பேஸுக்குச் சும்மா அனுப்பி வைக்கிறது. அடுத்து வர்றவன் சோப்ளாங்கி, அவன அவுட்டாக்கிறலாம். நீ அதெல்லாம் செய்ய மாட்ட அண்ணே. பயந்தவங்க செய்யுற வேல.

— நீ செய்ய மாட்டன்னு சொன்னா, செய்யுறதுதேன் நல்லதுன்னு படுது. இல்ல, நான் அப்படி நெனைக்கணும்னே சொல்றியா?

— என்னங்கிறேன், வீட்ல ஒரு மனுசன் வந்தது கூடத் தெரியாம அப்படி என்ன படம் ஓடுது?

— வாங்கப்பா. பூ அலங்காரம் பத்திப் பேச சாமியாரப் பாக்கப் போனீகளே, அதுக்குள்ள வந்துட்டீக?

— வந்துட்டேன் ஆண்டனி. வெயிலு. இது என்னடா ஆட்டம்?

— பேஸ்பாலுப்பா. நம்ம ஓடி ஆட வேண்டியதில்ல. மேனேஜர் கணக்கா உக்காந்து முடிவெடுக்கணும். யார இறக்குறது, யார எடுக்குறது, எப்ப ஓடுறது, அம்புட்டுத்தேன்.

— முடிவெடுக்குறது மட்டுமா? அப்ப ரொம்பக் கஷ்டமான ஆட்டந்தேன்.

— அப்பா, நீங்களே சொல்லுங்க. இவ டீம்ல உடையப்பன் அடிக்க வர்றான். மோதிப் பாக்கவா, அனுப்பி விட்றவா?

— யாரு, நம்ம மளிகைக்கட உடையப்பனா?

— அவரு பேரத்தான்ப்பா வச்சிருக்கேன்.

— அவரு நின்னா நிக்கிற எடத்த விட்டு நகர மாட்டாரு. அனுப்பி விட்ரு தம்பி.

— அனுப்பிட்டேன்! அப்பா வாக்கு!

— ரொம்ப தேங்க்ஸ்ப்பா. அண்ணே, இப்பக் கணக்குப் பாரு. சோப்ளாங்கிய வெளிய எடுக்குறேன். பதிலுக்கு பாண்டீஸ்வரி.

— எதுத்த வீட்டு அக்காவா?

— அவங்களேதான். பஸ்ல சீட்டு புடிக்கிற வேகத்தப் பாத்து வச்ச பேரு. ஆட்டம் பூரா பெஞ்சுல உக்கார வச்சிருந்தேன், இந்த எடத்துக்காக. உன் ஆளு பூமிநாதன் இடது கையில எறியுறான். உடையப்பனுக்கு இடது கைப் பந்து சுத்தமா ஆகாது, நெருப்பெல்லாம் சும்மா. பாண்டீஸ்வரிக்கு இடது கைன்னா அல்வா. பூமிநாதன மாத்தணும்னாலும் உன் பெஞ்சுல ஆளு இல்ல.

— படுபாவி! நல்லவ மாதிரி சொல்லிக் குடுத்தியேடி!

— போடு பந்த.

— போட்டேன். ஏய், ஏய், அது எங்குட்டுப் போகுது?

— அங்குட்டு, செவத்துக்கு! ரெண்டு அவுட்டாச்சுல்ல, அடிச்ச ஒடனே எல்லாரும் ஓடுவாங்க. இராமு வந்துட்டான், சமம். உடையப்பன் வர்றாரு, வர்றாரு...

— நானா வெத்தல பாக்கு வச்சு அனுப்புன ஆளுல்ல அவரு!

— வந்துட்டாரு! எனக்கு ஒரு ரன் கூட, முடிஞ்சுச்சு. அண்ணே, நீ சொல்ல வேண்டியதச் சொல்லு.

— இப்பயேவா? அப்பா இப்பத்தேன் வந்திருக்காக. ஒரு காபித்தண்ணி குடிக்கட்டும்.

— என்னடா சொல்லணும்?

— அது... அது கெடக்கட்டும்ப்பா. நீங்க ஏன் நின்னுக்கிட்டே இருக்கீக? சட்டையக் கூடக் கழட்டல.

— எனக்கும் ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு. மொதல்ல நீ சொல்லிரு.

— ஐயோ, நீங்க பெரியவுக. நீங்க சொல்லுங்க.

— ரெண்டு பேரும் இப்படியே நின்னா விடிஞ்சு பூசையே வந்துரும். அப்பா, நீங்களே சொல்லுங்க.

— ஆத்தா பெல்சி, நீ மொதல்ல உக்காரு.

— உக்காந்துதான்ப்பா இருக்கேன்.

— நாளைக்கு ஓலை வாசிக்க மாட்டாகத்தா. காலையில ஜோசப் ராஜ் ஒத்தையா பஸ்ஸேறி வந்து, ‘எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்’னு சாமியார்ட்ட சொல்லிட்டுப் போயிருக்கான், அவுக அம்மாவுக்கே இன்னும் தெரியாதாம்.