திங்கட்கிழமைச் சீட்டுகள்

மீன் வறுக்கும்போது எண்ணெயைவிட முக்கியம் மாவுக் கரைசல் சில்லென்று இருப்பது. என் வெர்னா பாத்திரத்தைப் பனிக்கட்டி மேல் வைத்துத்தான் கரைப்பாள். முப்பத்தோரு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் இந்த பாரில் நிற்க இடமில்லாமல் கூட்டம் வந்ததற்கு அதுதான் காரணம். என் பிராந்திக்காக வந்தார்கள் என்று சொல்வதெல்லாம் சும்மா. பிராந்தி எல்லாக் கடையிலும் ஒரே பிராந்திதான். உட்கார், கிறிஸ்டா. அந்தப் பெட்டியை மேசைமேல் வை, எவ்வளவு நேரம் கையில் வைத்துக்கொண்டே நிற்பாய். கடை திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. யாரும் வரமாட்டார்கள்.

உன் அம்மாவின் மேசையிலிருந்து வந்த பெட்டி, ஐந்து மாதமாகத் திறக்க மனம் வராமல் கார் கொட்டகையிலேயே கிடந்தது என்றாய். உள்ளே இருக்கிற சீட்டெல்லாம் என் கையெழுத்துதான். ‘நார்பர்ட் ஸாஸ்ட்ரோ. கேட்பது: குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கான கைதுகள், தண்டனைகள், சென்ற வாரத்துக்குரியவை.’ ஆறு வருடத்துத் திங்கட்கிழமைகள். உன் அம்மா டார்லீன் அவற்றை வருடவாரியாக அடுக்கி ரப்பர் பட்டை போட்டிருக்கிறாள். நீதிமன்றப் பதிவறையில் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட அவள் தொலைத்ததில்லை.

அவள் வீட்டில் என்னைப் பற்றி என்ன சொல்வாள் என்று நீ சற்று முன் சொன்னாயே, அதை என்னால் அவள் குரலிலேயே கேட்க முடிகிறது. “இந்த மாவட்டத்துல நாப்பது பார் இருக்கு. மனசாட்சி உள்ளவன் ஒரே ஒருத்தன்தான். வாராவாரம் வந்து யார் யார் மாட்டினாங்கன்னு பாத்துட்டுப் போறான், அவங்களுக்கு ஊத்தறத நிறுத்திடறான். பாவம், எத்தன வாடிக்கைய இழந்திருப்பானோ.” செவ்வாய்க்கிழமை வெண்டல் கூபியாக்குக்கு நீதிபதி தண்டனை சொல்லும்போது, நான் எழுந்து உன் அம்மாவுக்காகப் பேச வேண்டும் என்று கேட்கத்தான் நீ வந்திருக்கிறாய். சரி என்று சொல்லிவிட்டால் உனக்கு நிம்மதி. அவள் அடக்கத்துக்கு நான் போட்ட கோட்டு அலமாரியில் அப்படியே தொங்குகிறது. ஆனால் முதலில் நான் சொல்வதைக் கேள். அதற்குப் பிறகும் நான் பேச வேண்டுமா என்று நீயே முடிவு செய்துகொள்.

லைல் என்று ஒரு பால்வண்டி ஓட்டுநர் இருந்தான், உனக்கு நினைவிருக்காது. அந்த ஜன்னலோர நாற்காலி அவனுடையது. விஸ்கான்சினில் முதல் தடவை பிடிபட்டால் அபராதச் சீட்டோடு போய்விடும். இரண்டாம் தடவைதான் சிறை, உரிமமும் போய்விடும். அவன் இரண்டாம் தடவை பிடிபட்டான். உரிமம் போனது, வண்டி போனது, பெண்டாட்டி பிள்ளைகளோடு மினசோட்டாவுக்குப் போனாள். மார்ச் மாதத்தில் அவனை மாட்டுக் கொட்டகையில் பிணமாகக் கண்டெடுத்தார்கள். நானும் சேர்ந்துதான் சவப்பெட்டியைத் தூக்கினேன். இவனைச் சாராயம் கொன்றுவிட்டது என்று பாதிரியார் சாடையாகச் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. நம் ஊரில் எல்லோரும்தான் குடிக்கிறோம். ஷெரீஃப் ஆட்கள் அன்று சாயங்காலம் பாலத்தடியில் நிற்காமல் வேறெங்காவது நின்றிருந்தால் லைல் வீடு போய்ச் சேர்ந்து, உருளைக்கிழங்கு அப்பம் தின்றுவிட்டுத் தூங்கியிருப்பான். நான் அப்படித்தான் யோசித்தேன்.

அவன் எங்கே பிடிபட்டான் என்று பார்க்கத்தான் முதன்முதலாக நீதிமன்றத்துக்குப் போனேன். வேறு எந்த எண்ணமும் இல்லை, துக்கம்தான். உன் அம்மா பதிவேட்டை எடுத்துக் கொடுத்தாள். பெயர், பிறந்த தேதி, நிறுத்திய இடம், நேரம், மூச்சுச் சோதனையின் அளவு, எல்லாம் அதில் இருந்தது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எதற்குக் கேட்கிறாய் என்று பதிவறைக்காரர்கள் கேட்கக் கூடாது, அது விதி. டார்லீன் விதி மீறாதவள். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தில் லைல் பெயருக்கு மேலும் கீழும் அதே மாதத்தில் அதே பாலத்தடியில் பிடிபட்டவர்கள் நாலு பேர் இருந்தார்கள். வியாழன், வெள்ளி, வெள்ளி, சனி. அடுத்த மாதம் பாலம் இல்லை, கே சாலையில் தீவன ஆலை. ஷெரீஃப் ஆட்களும் நம்மைப் போல மனிதர்கள்தானே, கிறிஸ்டா, காப்பி கிடைக்கிற இடமாகப் பார்த்துப் பழகிய இடத்திலேயே நிற்பார்கள். சலித்தால்தான் இடம் மாறுவார்கள். அது யார் கண்ணிலும் படாமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

கழிப்பறைக்குப் போகும் நடையில் ஒரு சாலை வரைபடம் மாட்டினேன். பிடித்த இடத்திலெல்லாம் ஒரு சிவப்புக் குண்டூசி. திங்கட்கிழமை உன் அம்மாவிடம் தாள் வாங்குவேன், மதியத்துக்குள் ஊசிகளை மாற்றிக் குத்துவேன். ஊசி இல்லாத சாலை எதுவோ அதுதான் அந்த வாரத்து வழி. பசங்கள் அதற்கு வானிலை அறிக்கை என்று பெயர் வைத்தார்கள். “இன்னைக்கு வானில எப்படி, நார்ப்?” என்பார்கள். “கே சாலைல மழை, ஏரிப் பக்கமாப் போ” என்பேன். சிரித்துக்கொண்டே கோட்டை மாட்டிக்கொண்டு போவார்கள். ஆறு வருடத்தில் என் கடையிலிருந்து போன ஒருவர்கூடப் பிடிபடவில்லை. எனக்கு அதில் பெருமை இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன்.

வெர்னாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. “இத்தன பாடு படறதுக்குப் பதிலா அவங்க வண்டிச் சாவிய வாங்கி ஆணில மாட்டலாமே” என்பாள். சாவியை வாங்கினால் அவன் அடுத்த வாரம் வேறு பாருக்குப் போவான். அங்கே அவனுக்கு யார் வழி சொல்வார்கள்? அவளிடம் இதை நான் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அவள் ஒரு நாளும் ஒத்துக்கொள்ளவில்லை.

டார்லீன் அவளாகவே ஒரு காரணத்தை யூகித்துக்கொண்டாள். இரண்டாம் வருடமோ என்னவோ, தாளை நீட்டும்போது என் கையைப் பிடித்து அழுத்தினாள். “எனக்குத் தெரியும் நார்ப். நான் கேக்கக் கூடாது, கேக்கவும் மாட்டேன். ஆனா நீ செய்யறது பெரிய விஷயம்” என்றாள். அப்போது நான் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு, அவள் மனதை நோகடிக்க வேண்டாமே என்பதுதான் காரணம். அதன் பிறகு திங்கட்கிழமைகளில் எனக்காக எலுமிச்சைக் கேக் ஒரு துண்டு எடுத்து வைத்திருப்பாள். நின்றுகொண்டே சாப்பிடுவேன். முழங்கால் வலி, நீ மில்வாக்கியில் வேலைக்குச் சேர்ந்தது, அந்தக் கிழட்டு நாய் டஃபி, இப்படித்தான் பேசுவோம். வாரத்தில் எனக்குப் பிடித்த கால்மணி நேரம் அது. ஒரு மனிதனை இன்னொருவர் நல்லவன் என்று நம்பிப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, வயதான காலத்தில் அதற்கு எவ்வளவு ஏங்குவோம் என்று உனக்கு இப்போது புரியாது. இன்றைக்கும் திங்கட்கிழமை காலையில் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். வாசலைத் தாண்டிய பிறகுதான் அவள் இல்லை என்பது உறைக்கிறது.

அக்டோபர் கடைசி வெள்ளிக்கு வருகிறேன். அந்த வாரம் கே சாலையில் மூன்று ஊசி, பாலத்தில் இரண்டு. ஏரிப் பக்கம் சாலை வேலை நடந்தது. வெண்டல் மதியமே பால் இறக்கிவிட்டு இரண்டு மணிக்கு வந்து உட்கார்ந்தான். அவனும் லைல் மாதிரிதான்: பால்வண்டிக்காரன், ஏற்கெனவே ஒரு தடவை பிடிபட்டவன், மூன்று பிள்ளைகள். நல்லவன், வாய் அதிகம். அன்று மீனை மாவில் தோய்த்துக்கொண்டிருந்த என்னைக் காட்டி வெர்னாவிடம், “உங்க புருஷன் மீனுக்கு மாவு பூசறாரா, சுவத்துக்குச் சுண்ணாம்பு பூசறாரா?” என்று கேட்டுக் கடையையே சிரிக்க வைத்தான். ஏழு பிராந்தி குடித்தான். ஷெரீஃபிடமும் ஏழு என்றுதான் சொன்னேன், ஒன்றைக்கூடக் குறைத்துச் சொல்லவில்லை. வளர்ந்த ஆளுக்கு ஊற்றுவது இங்கே குற்றமில்லை என்று அவரே என்னைச் சமாதானப்படுத்தினார். வரைபடத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. வெண்டலும் சொல்லவில்லை. இந்த நிமிடம்வரை சொல்லவில்லை. சிறையில் போய்ப் பார்த்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, “உன்ன எதுக்கு இழுக்கணும் நார்ப், வண்டிய ஓட்டினது நான்தான்” என்று அழுதான். என்னாலும் அழுகையை அடக்க முடியவில்லை.

ஐந்தே முக்காலுக்கு அவன் எழுந்தான். நேராக நிற்கத்தான் செய்தான், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. நடையில் போய் வரைபடத்தின் முன் நின்று, “வானில என்ன?” என்று கத்தினான். நான் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். ஊசி இல்லாமல் மிச்சமிருந்தது ஒரே சாலை. அதன் மேல் விரலை வைத்தேன். “ஓடைச் சாலை வழியாப் போ. அங்க ஒரு ஈ காக்கா இருக்காது” என்றேன்.

வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

ஆறேகால் மணிக்குச் சைரன் கேட்டது. பன்றி இறைச்சித் துண்டு கேட்டு வந்த ஒருவருக்கு இன்று மீன் மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தீயணைப்புப் படையில் இருக்கிற பையன்கள் தட்டுகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவன் ஏழரைக்குத் திரும்பி வந்து வாசலிலேயே நின்றான். நாய் பிழைத்துவிட்டது என்றுதான் முதலில் சொன்னான். உன் அம்மா பெயரை அவன் சொல்வதற்குள் வெர்னா அடுப்பை அணைத்துவிட்டாள்.

சர்ச்சில் அடக்கத்துக்குப் பிந்தைய சாப்பாடு நான் கொடுத்தது. பன்றித் தொடை, உருளைக்கிழங்கு, பன் ரொட்டி, இருநூறு பேருக்கு. நீ என்னைக் கட்டிக்கொண்டு, “அம்மாவுக்கு உங்களன்னா உயிரு” என்றாய். அன்று சாயங்காலமே வெர்னா கிரீன் பேயில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வரவில்லை. மாவு இப்போது நான்தான் கரைக்கிறேன், அவள் பக்குவம் வரவில்லை.

விபத்துக்கு அடுத்த திங்கட்கிழமையே நீதிமன்றத்துக்குப் போனேன். போகாமல் இருந்தால்தான் வித்தியாசமாகத் தெரியும் என்று நினைத்தேனா, பழக்கமா, எனக்கே தெரியாது. உன் அம்மா இடத்தில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். சீட்டு எழுதிக் கொடுத்தேன், தாளைக் கொடுத்தாள். கடைசி வரி: வெண்டல் கூபியாக், ஓடைச் சாலை, மாலை ஐந்து ஐம்பத்தெட்டு. கடைக்கு வந்து ஒரு சிவப்பு ஊசி எடுத்து அந்த இடத்தில் குத்தினேன். அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஒருவர் வழி கேட்டார். ஓடைச் சாலை இனி வேண்டாம், அங்கே இப்போது ஷெரீஃப் ஆள் நிற்கிறார் என்று சொன்னேன். எழுந்து போய்ப் பார், நடையில் இன்னும் மாட்டித்தான் இருக்கிறது. கழற்றினால் அவர்கள் கண்டபடி போய் மாட்டிக்கொள்வார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொள். இந்தா, இந்தத் துணி சுத்தமானதுதான். பெட்டியைச் செவ்வாய்க்கிழமை நீதிபதியிடம் கொடுப்பதானால் கொடு, எல்லாச் சீட்டிலும் என் கையெழுத்து இருக்கிறது. நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

என்ன கேட்டாய்? அம்மா தினமும் அந்த நேரத்தில் அந்தச் சாலையில் நடப்பாள் என்று எனக்குத் தெரியுமா என்றா? தெரியும், கிறிஸ்டா. ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளே. “ஓடைச் சாலைல வண்டியே வராது நார்ப், அதான் டஃபிய அங்க கூட்டிட்டுப் போறேன். அஞ்சரைக்குக் கெளம்பினா ஆறேகாலுக்கு வீடு.” எனக்குத் தெரியாமல் இருக்குமா? வரைபடத்தில் விரல் வைத்தபோதே அவள் நினைவு வந்தது. கடிகாரத்தையும் பார்த்தேன். நான் ஒன்றும் ஈரமில்லாதவன் இல்லையம்மா. அதனால்தான் வெண்டல் கதவைத் திறக்கும்போது தோளைத் தட்டி, “டார்லீன் நடப்பா, பாத்துப் போ” என்று சொல்லி அனுப்பினேன்.