லைட் சுவிச்சு வச்ச கிட்டார்

...அதத்தான் மாஸ்டர் நானும் கேக்குறேன், தனித்தனியா நல்லாப் பாடுறது ரெண்டும் சேந்தா எதுக்கு இப்பிடிச் சாகணும்? ஐயோ, முழங்கால்ல குத்துதா? கொஞ்சம் அங்கிட்டு தள்ளி வைக்கிறேன். வீணை இல்லைங்க இது, கிட்டார். கரண்டு கிட்டார். ஆமா, அது லைட் சுவிச்சுதான். ரெண்டும் லைட் சுவிச்சுதான். ஒங்க கண்ணு அங்கதான போகுது!

கொடகவெல பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்த யாழ்ப்பாண மாஸ்டர் நீங்கதான? கையில உள்ள கொடையப் பாத்தாலே தெரியுது. எனக்கு ஒரு ஒதவி செய்யணும். பெல்மதுளை சந்தி வந்தா நீங்க கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காந்துக்குங்க. நான் ஒங்க முதுகுக்குப் பின்னால குனிஞ்சுக்கிறேன். சேச்சே, போலீசு இல்லைங்க! பஸ் நிக்கிற எடத்துக்கு நேரா பாறூக் நானாவோட ரேடியோக் கடை. இந்தக் கிட்டார ரிப்பேருக்குத் தூக்கிக்கிட்டு நான் ரத்னபுரியில வேற கடைக்குப் போறேன்னு தெரிஞ்சா... தெரியட்டுமே! எனக்கென்ன பயமா? பயமெல்லாம் இல்ல. குனிஞ்சுக்கிறேன், அவ்வளவுதான்.

நான் தோட்டத்துப் பேக்டரியில பிட்டர். ஐயாவு பாஸ்னு யாரையும் கேட்டுப் பாருங்க. கொழுந்து அரைக்கிற ரோலர் நின்னு போச்சுன்னா டீமேக்கர் ஐயா சாமியக் கூப்புட மாட்டாரு, என்னத்தான் கூப்புடுவாரு. அந்தத் திமிருதான் மாஸ்டர் ஆளக் கெடுத்திச்சு.

இங்க பாருங்க, கம்பிக்கு அடியில ரெண்டு பெட்டி இருக்கா? பிக்கப்புன்னு சொல்லுவாங்க. உள்ள காந்தம், அதச் சுத்தி தலமுடி கணக்கா செம்புக் கம்பி. மேல கம்பி அதிர்ந்தா இது பிடிச்சு ஆம்பிளிபையருக்கு அனுப்பும். முன்னால உள்ளது கனத்த கொரலு, பின்னால உள்ளது கீச்சுக் கொரலு. சேத்துப் போட்டா நெறஞ்சு வரணும். பின்னால உள்ளது செத்துப் போச்சு. பாண் ரொட்டிக்கே கியூவுல நிக்கிற காலத்துல புது பிக்கப்புக்கு எங்க போவேன்? பாறூக் நானாதான் பழைய ரேடியோவுல கம்பி உருவி எடுத்து, நோம்பு நாள்ல எச்சி கூட முழுங்காம உக்காந்து புதுசு ஒண்ணு சுத்திக் குடுத்தாரு.

பழசத் தனியாப் போட்டோம், தேனு. புதுசத் தனியாப் போட்டோம், தேனு. ரெண்டையும் சேத்துப் போட்டோம்... தகரப் பேணிக்குள்ள கொசு! கனம் அம்புட்டும் எங்கயோ போய், கீச்சு மட்டும் மிச்சம்.

நானா யோசிக்கவே இல்ல. "ஒண்டுமில்ல ஐயாவு, ஒண்டுக்கொண்டு எதிரா நிக்குது. ஒரு பிக்கப்புட வயர் ரெண்டையும் எடம் மாத்தினா சரி. ஒண்ட மட்டும். வெச்சிட்டுப் போங்க, நான் மாத்தித் தாரன்"னாரு.

வச்சிட்டுப் போவேனா? பேக்டரியையே ஓட்டுறவனுக்கு வயர் ஒட்டத் தெரியாதா? வீட்டுக்குக் கொண்டு போய் நானே மாத்தி ஒட்டினேன். அதே கொசு! அப்ப எந்த பிக்கப்பு பாடணும்னு தள்ளிவிடுற சின்ன சுவிச்சுதான் பிழைன்னு அதப் பிடுங்கி எறிஞ்சேன். வேற சுவிச்சு? பேக்டரி ஸ்டோர்ல லைட் சுவிச்சு கெடந்திச்சு, ஆளுக்கு ஒண்ணா வச்சிட்டேன். எம் பொண்டாட்டி பாத்துட்டு, "இதப் போட்டா குசினியில வெளிச்சம் வருமா?"ங்கிறா. சிரிங்க மாஸ்டர், நானே சிரிச்சாச்சு.

ஆனா அன்னிக்கு சிரிக்கல. தீவாளிக்கு, காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பிரட்டுக்களத்துல கச்சேரி. தோட்டமே வந்து குந்திக்கிட்டு இருக்கு. டக்கு, டக்குன்னு ரெண்டையும் போட்டேன். வந்திச்சு பாருங்க கொசு! பின்னால இருந்து எவனோ, "லைட்ட அணைச்சிட்டுப் பாட்டப் போடு பாஸு!"ங்கிறான். சனம் விழுந்து விழுந்து சிரிக்குது. ஒத்த சுவிச்ச அணைச்சிருந்தா மானம் தப்பியிருக்கும், தனியா நல்லாத்தான பாடும்! அந்தப் புத்தி வரணுமே. எனக்கு மைக்குதான் கையில வந்திச்சு. "பிழை என்மேல இல்ல மகாசனங்களே, பாறூக் முதலாளி சுத்திக் குடுத்தது போலி"ன்னுட்டேன்.

அந்தாளு மேடை ஓரத்துலயே நிக்கிறாரு. எங்க தீவாளிக்குன்னு புதுச் சாரம் உடுத்திக்கிட்டு, தன்னோட ஆம்பிளிபையரயும் தூக்கிக்கிட்டு வந்த மனுசன். ஏசல. வயரக் கழட்டினாரு, ஆம்பிளிபையரத் தோள்ல வச்சாரு. "ஒண்டத்தானே மாத்தினீங்க?"ன்னு மட்டும் கேட்டாரு. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். இருட்டுக்குள்ள எறங்கிப் போய்ட்டாரு.

பெல்மதுளைக்குப் போனா அந்தக் கடையில பிளேன்டீ குடிக்காம நான் திரும்பினதே கெடையாது. இப்ப எதிர்க் கடையில குடிக்கிறேன், வாயில வைக்க முடியல. கிட்டார் கெடக்குது மாஸ்டர்... அந்தாளு பேசாம இருக்கிறதுதான் தாங்கல.

என்னங்க? சேந்தா ஏன் கெடுதுன்னு வெளங்கலியா? லேசுங்க. ஒரு கதவுன்னு வச்சுக்குங்க. ஒருத்தன் வெளிய நின்னு உள்ளுக்குத் தள்றான். இன்னொருத்தன் உள்ள நின்னு வெளிய தள்றான். தனித்தனியா ரெண்டு பேருக்கும் நல்ல பலம். சேந்து தள்ளினா கதவு அசையுமா? அசையாது. இங்க நடக்கிறதும் அதுதான். அதுக்குத்தான நான் ஆள மாத்தினேன்! உள்ள நின்னவன வெளிய விட்டேன், வெளிய நின்னவன உள்ள...

என்ன மாஸ்டர், சிரிக்கிறீங்க?

இருங்க. உள்ள நின்னவன் வெளிய. வெளிய நின்னவன் உள்ள. அப்ப கதவு...

அடக் கடவுளே! ரெண்டு பிக்கப்பையும் மாத்தித் தொலைச்சிருக்கேன்! அந்தாளு ஒண்டு, ஒண்டுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! பேக்டரிப் பழக்கம்ங்க. ஒரு ரோலருக்கு பெல்ட்டு மாத்தினா மத்ததுக்கும் மாத்திடுவோம், இல்லாட்டி ஒரே கொழுந்து ரெண்டு மாதிரி அரையும். ஒண்ணுக்குச் செஞ்சிட்டு மத்தத விட்டா எனக்குக் கை அரிக்கும். அந்த நியாயத்தக் கொண்டு போய்க் கிட்டாருக்குப் பாத்திருக்கேன் பாருங்க, நான் ஒரு பிட்டரு! இதுல அந்தாளு சுத்தினது போலியாம்!

சந்தி வந்திருச்சா? வேணாம் மாஸ்டர், சாய வேணாம். நிமிந்து உக்காருங்க, ஜன்னலத் தொறங்க. அந்தா, வாசல்லயே நிக்கிறாரு. கிட்டப் போய்க் காதுக்குள்ள சொன்னாப் போதாதுங்க, மைக்குல ஏசினவன் நான். சந்தியே கேக்கணும்.

பாறூக் நானா! ஓய், பாறூக் நானா! பிழை என்மேலதான்! ரெண்டையும் மாத்திட்டேன்! ரெண்டையும்! மகே வெரெத்த! இருங்க மாஸ்டர், சிங்கள ஆளுங்களுக்கும் வெளங்கட்டும். மகே வெரெத்த!

சந்தியே திரும்பிப் பாக்குது. அந்தாளு சிரிக்கிறாரா? இல்லையே... மொறைக்கிறாரு. ஐயோ, உள்ள போறாரு மாஸ்டர். முடிஞ்சிச்சு. மூஞ்சில அடிச்ச மாதிரி... இருங்க, இருங்க. மேசைக்கிட்ட குனியிறாரு. என்னமோ சொருகுறாரு.

மாஸ்டர்! வயர் ஒட்டுற அயனக் கரண்டுல போட்டுட்டாருங்க!

கொண்டக்டர், பஹினவா, பஹினவா! எறங்கணும்! கொஞ்சம் காலத் தூக்குங்க மாஸ்டர், கிட்டார எடுக்கணும்...